நோயில்லாதவரை அழைக்கும் பரிசோதனை: சூலூர் வட்டாரமும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும்

கர்ப்பப்பையின் அடிப்பகுதி குறுகிப் பிறப்புறுப்புக்குள் திறக்கும் இடத்துக்குக் கர்ப்பப்பை வாய் என்று பெயர். அங்கே தோன்றும் புற்றுநோய்க்கு, வேறு பல புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. முழு நோயாக முற்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அது அடையாளம் காட்டிவிடுகிறது. அந்த அடையாளம் வலியாகவோ இரத்தப்போக்காகவோ வெளிப்படுவதில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மட்டுமே தெரியும் திசுமாற்றம் அது. கிருமி தொற்றிய நாளிலிருந்து புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. தொற்று போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெண்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே இது நிகழலாம். இத்தனை அவகாசம் தரும் ஒரு நோய்க்கு 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்கள் புதிதாக ஆளானார்கள், 80,000 பேர் அளவில் இறந்தார்கள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. அந்த ஆண்டு உலகில் இந்நோயால் இறந்த பெண்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இந்தியர்.

நோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் வைரஸ் குடும்பம். அதில் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இவற்றை 1983, 1984 ஆண்டுகளில் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இல்லற வாழ்வு தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை, ஆணாயினும் பெண்ணாயினும், இந்த வைரஸ் ஏதோ ஒரு காலத்தில் தொட்டுச் செல்கிறது. பெரும்பாலோர் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிட்ட சிலரிடத்தில்தான் திசு மெல்ல மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றத்தைப் புற்றுக்கு முந்தைய நிலையிலேயே கண்டு, உறையவைத்தோ சுட்டோ நீக்கிவிட்டால் புற்றுநோய் பெரும்பாலும் வராது. மருத்துவத்தின் பங்கு இந்த அளவுக்கு எளிமையானது. பெண்கள் அந்தப் பரிசோதனை மேசைவரை வந்து சேர்வதுதான் கடினமாக இருக்கிறது.

2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு. மாநிலங்களுக்குள் முன்னணியில் நின்ற தமிழ்நாட்டில்கூட 9.8 விழுக்காடுதான். பத்துப் பெண்களில் ஒன்பது பேர் அதுவரை ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை காசில்லாமல் கிடைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின் எடுத்த கணக்கு இது. வசதி இருப்பதும் வந்து செய்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அம்பிளிக்கை காட்டிய வழி

இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதற்கு உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் ஒன்று கொங்கு நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில் நடந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்துச் சூலூரிலிருந்து பல்லடம், தாராபுரம் வழியே தென்கிழக்கே சென்றால் வருவது ஒட்டன்சத்திரம். அதன் பக்கத்துக் கிராமம் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையம், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோடும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. லியோன் முகமையில் பணியாற்றிய மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன் அதை வழிநடத்தினார்.

மாவட்டத்தில் 114 ஊர்த்தொகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. குலுக்கல் முறையில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள, நோய்க்குறி இல்லாத பெண்கள் ஒருமுறை பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. அழைக்கப்பட்ட தொகுதிகளில் இருந்த பெண்கள் 49,311 பேர். எதிர்ப்புறத்தில் 30,958 பேர்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம், நல்ல விளக்கு, பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம் ஆகியவையே போதும். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான் இது. அதில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், இயல்பான திசு இளஞ்சிவப்பாகவே நிற்கும். மாறத் தொடங்கிய திசு அடர்ந்த வெள்ளைத் திட்டாகத் தெரியும். அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இம்முறையைச் சுகாதாரத் துறையினர் வி.ஐ.ஏ. என்று குறிப்பிடுகிறார்கள். ஆய்வில் இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தகுதியான பெண்களுக்குத் திசுவை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் செவிலியர்களே செய்தார்கள்.

ஏழாண்டுப் பின்தொடர்தலின் முடிவுகள் 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. ஒரே ஒருமுறை நடந்த பரிசோதனை, அழைக்கப்பட்ட தொகுதிகளில் புதிதாக வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை 25 விழுக்காடும் அதனால் நேரும் சாவை 35 விழுக்காடும் குறைத்திருந்தது. 30 முதல் 39 வயதுப் பெண்களிடம் பயன் இன்னும் கூடுதல். அவர்களிடையே சாவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. செவிலியர் கையிலுள்ள பஞ்சும் விளக்கும் கிராமத்துப் பெண்களின் உயிரைக் காக்கும் என்று எண்களால் நிலைநாட்டிய ஆய்வு அது.

ஆனால் விழிப்புணர்வைப் பற்றிப் பேசும்போது அந்த ஆய்வின் வெற்றியைவிட அது விட்டுப்போன இடங்களே அதிகம் கற்றுத்தருகின்றன. பரிசோதனை ஊருக்கே வந்தது, காசு கேட்கவில்லை, செய்தவர்களும் செவிலியர்கள். அப்படியிருந்தும் வந்தவர்கள் 31,343 பேர்தான், அதாவது 63.6 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை. வந்தவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 விழுக்காடு. மீதி 28 விழுக்காட்டினர், முடிவு தெரிந்த பின்னும் கடைசிப் படியில் நின்றுவிட்டார்கள். மேசைக்கு வராமல் போவது ஒரு இழப்பு. மேசைவரை வந்து, முடிவு தெரிந்து, சிகிச்சை பெறாமல் போவது அதைவிடக் கசப்பான இழப்பு. பிரசுரங்களும் பேரணிகளும் முதல் இழப்பையே நினைத்து நடத்தப்படுகின்றன. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த ஆய்வின் அறநெறி குறித்த கேள்வியும் இங்கே சொல்லப்பட வேண்டும். பரிசோதனைக்கு அழைக்கப்படாத தொகுதிகளில் ஆய்வுக் காலத்தில் 92 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், மும்பை ஆகிய இடங்களில் நடந்த இத்தகைய மூன்று ஆய்வுகளிலும் இப்படி ஒரு பிரிவினரைப் பரிசோதிக்காமல் வைத்தது சரியா என்ற விவாதம் பின்னாளில் கடுமையாக எழுந்தது. நாட்டில் அப்போது வேறெங்கும் முறையான பரிசோதனைத் திட்டம் இல்லை என்பது ஆய்வாளர்களின் பதில். பாப் ஸ்மியர் என்னும் செல் பரிசோதனை மேலை நாடுகளில் நோயைப் பெரிதும் குறைத்தது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரிந்த செய்தி என்பது விமர்சகர்களின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. அந்தப் பெண்களின் சாவினால் கிடைத்த அறிவை அலமாரியில் வைத்துவிட்டு, பத்தில் ஒருவரை மட்டுமே பரிசோதித்து நிற்பதற்கு எந்தத் தரப்பிலும் நியாயம் இல்லை.

அரசுத் திட்டமாக ஆனது

தமிழ்நாடு இந்த அறிவை மற்ற மாநிலங்களுக்கு முன்பே கையிலெடுத்தது. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் நடத்தப்பட்டு, 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கெனச் செவிலியர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். 30 வயது கடந்த பெண்கள் எந்தக் காரணத்துக்காக அங்கு வந்தாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய நான்கையும் பார்ப்பது வழக்கமாக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த தன்னார்வலர்களை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் வீடுவீடாக அழைப்புக் கொடுத்துப் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

இந்தக் கடைசித் திட்டத்தின் அணுகுமுறை முந்தையவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. சுகாதார நிலையத்துக்கு வந்தவரைப் பார்ப்பதில், வராதவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் வருபவர்களே திரும்பத் திரும்பப் பட்டியலில் ஏறுவார்கள். வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் சொல்லி அழைத்தால்தான் வராதவரின் பெயர் தெரியும். உஸ்மானாபாத் ஆய்வில், வந்த பெண்கள் வராதவர்களைவிட இளையவர்களாகவும் கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருந்தார்கள். கணவரோடு வாழ்பவர்களும் கருத்தடை முறை எதையாவது பயன்படுத்தியவர்களும் அவர்களிடையே அதிகம். அதாவது மகப்பேறு, குடும்பநலம் என்று ஏற்கெனவே மருத்துவமனையோடு பழக்கம் உள்ளவர்களே இதற்கும் வருகிறார்கள். கணவரை இழந்தவர்கள், தனித்து வாழ்பவர்கள், மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள் விடுபடுகிறார்கள். நோய் அதிகம் தாக்கும் வயதும் விடுபடும் வயதும் பெருமளவு ஒன்றே.

சூலூரின் வேலை நேரம்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் சூலூர் வட்டத்தில் இரண்டு ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. சூலூர் ஒன்றியத்துப் பக்கம் சோமனூர், கருமத்தம்பட்டி, கண்ணம்பாளையம் என்று விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர்கள். நூற்பாலைகளும், அரசூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களும் அங்கேதான். சுல்தான்பேட்டை ஒன்றியத்துப் பக்கம் தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, மானாவாரிக் காடு. திருச்சி சாலையில் பேருந்து ஏறினால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எளிதாகப் போய்விடலாம். தமிழ்நாட்டின் எத்தனையோ மலைக் கிராமங்களோடு ஒப்பிட்டால் இங்கே தூரம் ஒரு தடையே அல்ல.

இங்குள்ள தடை நேரம். தறிக்கூடத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கும் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் வாரக்கூலியில் ஒருநாள் குறைவது சனிக்கிழமைக் கணக்கில் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துக் கூலி பெறுகிறவருக்கும் நிலைமை அதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி நேரமோ காலைப் பொழுது, வேலையும் அதே பொழுது. காய்ச்சல் வந்தால் கூலியை விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றுமில்லாத உடம்பைக் காட்டுவதற்குக் கூலியை விடச் சொன்னால், அந்தப் பெண்ணிடம் கேட்கப்படுவது அறிவு மட்டும் அல்ல, பணமும்தான். ஆகவே இந்த வட்டாரத்தில் விழிப்புணர்வுப் பணி என்பதன் முதல் பாதி நேரத்தை மாற்றுவதாக இருக்க வேண்டும். ஆலை வளாகத்துக்குள் ஷிஃப்ட் மாறும் வேளையில் செவிலியர் வருவது, தறிகள் நிற்கும் நாளில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் திரை கட்டிய அறை போடுவது, சுய உதவிக் குழுக் கூட்டம் நடக்கும் மாலையிலேயே குழுவாகச் சேர்த்துப் பார்ப்பது போன்றவை செலவு அதிகம் பிடிக்காத மாற்றங்கள். பாதி நாள் கூலியைப் பிடிக்காமல் விட ஒரு தறிக்கூட உரிமையாளர் சம்மதித்தால், அது பல சுவரொட்டிகள் செய்யாத வேலையைச் செய்யும்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து ஆலைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் இப்பகுதியில் நிறைய. அப்பெண்களுக்குத் தமிழ்ப் பிரசுரம் பயன்படாது. அவர்களுக்கு அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் யாரென்றும் தெரியாது. வீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறினால்தான் திட்டம் முழுமை பெறும்.

சொல்ல வேண்டியதும் சொல்லும் முறையும்

இந்நோய்க்கான பிரசுரங்களில் வழக்கமாக ஒரு அறிகுறிப் பட்டியல் இருக்கும். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மாதவிடாய்க்கு இடையே இரத்தப்போக்கு, உடலுறவுக்குப்பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தம், அடிவயிற்று வலி. இவை உள்ள பெண் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பரிசோதனைக்கு அழைக்கும் பிரசுரம் இந்தப் பட்டியலோடு தொடங்கினால் அதைப் படிக்கும் பெண் என்ன முடிவுக்கு வருவார்? தமக்கு இவற்றில் ஒன்றும் இல்லை, ஆகவே போக வேண்டியதில்லை என்ற முடிவுக்குத்தான். அறிகுறி தெரியும் கட்டம் பெரும்பாலும் புற்று வேரூன்றிய கட்டம். பரிசோதனையின் பயனெல்லாம் அதற்கு முந்தைய, சத்தமில்லாத ஆண்டுகளில் இருக்கிறது. 'ஒன்றுமில்லாதபோதுதான் வர வேண்டும்' என்பதே முதல் வரியாக இருக்க வேண்டும். மிக நல்ல எண்ணத்துடன் அச்சடிக்கப்படும் பல பிரசுரங்கள் இந்த ஒரு வரிசை மாற்றம் இல்லாததால் எதிர்விளைவைத் தருகின்றன.

அடுத்தது மானம் பற்றிய அச்சம். இந்த வைரஸ் உடலுறவால் பரவுவது என்று மொட்டையாகச் சொன்னால், பரிசோதனைக்குப் போவதே ஒரு பெண்ணின் நடத்தை மீது கேள்வி எழுப்புவதுபோல் ஆகிவிடும். திட்டு தெரிந்தது என்று வீட்டில் சொன்னால் கணவன் மனைவிக்குள் சந்தேகம் புகும். உண்மையை மறைக்கவும் கூடாது. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் இது வரும், தொற்று எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பல ஆண்டுகளுக்கு முந்தையதாகவும் இருக்கலாம் என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். சுத்தக் குறைவால்தான் இந்நோய் வருகிறது என்று மேடைகளில் சொல்லப்படுவது ஏழைப் பெண்களைப் பழி சுமக்க வைக்கிறது. மாதவிடாய்ச் சுகாதாரம் தேவையான ஒன்றுதான். என்றாலும் அதைப் பேணியவருக்கும் பரிசோதனை தேவை.

கொங்குப் பகுதியில் அடிக்கடி எழும் வேறு சில கேள்விகளும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால் இந்நோய் வராது என்ற எண்ணம் தவறு. கர்ப்பப்பையை எடுத்தவர்கள் தங்களுக்குத் தேவையில்லை என்று ஒதுங்குகிறார்கள். வாய்ப்பகுதியோடு சேர்த்து முழுதாக எடுத்திருந்து, எடுத்த காரணமும் புற்று மாற்றமாக இல்லாதிருந்தால் அவர்கள் எண்ணுவது சரி. வாய்ப்பகுதியை விட்டு வைத்திருந்தால் பரிசோதனை தேவை. அறுவைச் சீட்டை எடுத்துக்கொண்டு வரச்சொல்லிப் பார்த்தால் ஐயம் தீரும். மாதவிடாய் நின்றுவிட்டால் அந்த உறுப்பின் கவலையும் முடிந்தது என்ற நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது.

இவற்றையெல்லாம் யார் சொல்வது என்பது என்ன சொல்வது என்பதைப் போலவே முக்கியம். மேடையில் மருத்துவர் பேசுவதைக் கேட்டுப் பெண்கள் தலையாட்டுவார்கள். மறுவாரம் சுகாதார நிலையத்துக்கு நடக்க வைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தாம் போய்வந்ததைச் சொல்வதுதான். 'ஒண்ணுமில்லீங்க அக்கா, அஞ்சு நிமிசந்தான், நர்சம்மாதான் பாக்கறாங்க, திரை போட்டுருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதில் மூன்று அச்சங்களுக்குப் பதில் இருக்கிறது. வலிக்குமா, ஆண் மருத்துவரா, யாராவது பார்ப்பார்களா என்பவையே அந்த மூன்றும். செய்துகொண்டவரையே அடுத்த பத்துப் பேரை அழைத்துவரச் சொல்வது, சுய உதவிக் குழுக்கள் வேரூன்றிய இந்த மாவட்டத்தில் இயல்பாக நடக்கக்கூடியது. ஆண்களோடு பேசுவதும் தனியே நடக்க வேண்டும். வீட்டுப் பெண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்ற முடிவு பல வீடுகளில் கணவரிடமும் மாமியாரிடமும் இருக்கிறது. மாமியாரையும் சேர்த்து அழைத்தால் இரண்டு பரிசோதனைகள் ஒன்றாக முடியும்.

முடிவு சொல்லும் நிமிடம்

ஒரு பெண்ணின் பரிசோதனையில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அவரிடம் செவிலியர் பேசும் முதல் வாக்கியத்தில்தான் மேற்கொண்டு எல்லாம் தங்கியிருக்கிறது. திண்டுக்கல் ஆய்வில் பரிசோதித்த நூறு பேரில் பத்துப் பேருக்குத் திட்டு தெரிந்தது. அவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு லேசான மாற்றமோ, வெறும் அழற்சியோதான். 'புற்றுநோய்க்கு அறிகுறி இருக்கு' என்று சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தால் அச்சத்தில் பலர் அடுத்த கட்டத்துக்குப் போவதையே தவிர்த்துவிடுவார்கள். இது பெரும்பாலும் புற்று அல்ல, புற்றாகாமல் தடுக்க இன்னொருமுறை பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அங்கேயே சரிசெய்துவிடலாம் என்பதே உண்மையான செய்தி. கால்போஸ்கோப் என்னும் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பதும், ஐயமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதும் அந்த அடுத்த கட்டம்.

சீட்டு எழுதிக் கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று கருதும் இடத்தில்தான் அந்த 28 விழுக்காடு விடுபடுகிறது. தாய்லாந்தின் ரோய் எட் மாகாணத்தில் 2000-ஆம் ஆண்டில் நடந்த திட்டம் இதற்கு மாற்றுவழி காட்டியது. அங்கே செவிலியர்கள் ஏறக்குறைய 6,000 பெண்களைப் பரிசோதித்து, திட்டு தெரிந்த தகுதியானவர்களுக்கு அதே வருகையில் உறைசிகிச்சை தர முன்வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் உடனே ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, கூலி பார்த்து, பேருந்து ஏறித் திரும்பி வர வேண்டிய தேவை இல்லாததே அதன் பலம். இப்போது மின்சூட்டால் திசுவை அழிக்கும் சிறிய கைக்கருவிகள் வந்துவிட்டன. வாயு உருளை சுமக்க வேண்டிய பழைய உறைகருவியைவிடக் கிராம முகாமுக்கு அவை ஏற்றவை. உடனடிச் சிகிச்சை தர இயலாத இடங்களில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த நாளில், எந்த அறைக்கு, யாருடன் போவது என்பதைக் குறித்துக் கொடுத்து, தன்னார்வலர் ஒருவர் கூடவே போவது பெரிய வித்தியாசத்தைத் தரும். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெற வழியுண்டு. பணத்துக்கு அஞ்சி மறைப்பவர்களுக்கு இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வி.ஐ.ஏ. முறைக்கு எல்லைகளும் உண்டு. பார்ப்பவரின் திறமையைப் பொறுத்து முடிவு மாறும். பயிற்சியைப் புதுப்பிக்காவிட்டால் தரம் சரியும். மாதவிடாய் நின்ற பெண்களில் மாற்றம் நிகழும் பகுதி உள்ளே இழுக்கப்பட்டுவிடுவதால் கண்ணுக்கு அகப்படாமல் போகலாம். அதனால்தான் வைரஸின் மரபணுவையே தேடும் எச்.பி.வி. பரிசோதனையை முதன்மை முறையாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உஸ்மானாபாத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரேமுறை செய்த எச்.பி.வி. பரிசோதனை சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இதற்கான மாதிரியைப் பெண் தாமே, திரைமறைவில், சிறு தூரிகையால் எடுத்துக்கொள்ளலாம். மேசையில் படுப்பதற்குக் கூச்சப்பட்டு வராத பெண்களை எட்ட இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. ஆய்வகச் செலவே இங்கு தடையாக இருக்கிறது. தன்மாதிரியும் மாவட்ட ஆய்வகமும் இணைந்தால் தறிக்கூடத்திலிருந்து வெளியே வராமலே ஒரு பெண்ணின் முதற்கட்டப் பரிசோதனை முடிந்துவிடும்.

தடுப்பூசி வந்தபின்னும்

அம்பிளிக்கைக்கு இந்த வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. எச்.பி.வி. தடுப்பூசியை இரண்டு தவணையாகப் போடலாமா, மூன்றாகப் போட வேண்டுமா என்று அறிய 2009 செப்டம்பரில் இந்தியாவில் பல இடங்களில், 10 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை மையமும் அதில் ஓர் இடம். வேறொரு தடுப்பூசித் திட்டம் பற்றி எழுந்த சர்ச்சையால் 2010 ஏப்ரலில் நாடு முழுதும் இத்தகைய ஆய்வுகளில் தடுப்பூசி போடுவது நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு தவணையே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை 95 விழுக்காடு அளவுக்குத் தடுத்தது 2021-இல் தெரியவந்தது. ஒரு தவணையும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொள்ள உதவிய சான்றுகளில் இதுவும் ஒன்று. அதே 2022-இல் சீரம் நிறுவனத்தின் இந்தியத் தடுப்பூசியான 'செர்வாவாக்' அனுமதி பெற்றது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டத்தை அறிவித்தது.

2030-க்குள் 15 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை, மாற்றம் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பது 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. இன்று பள்ளியில் தடுப்பூசி பெறும் சிறுமிக்கு நோய் தாக்கும் வயது வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. இப்போது தறியிலும் தோப்பிலும் ஆலையிலும் வேலை செய்யும் அவள் தாய்க்கும் பாட்டிக்கும் அந்த ஊசியால் பயனில்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு பரிசோதனைதான். பள்ளியில் மகளின் தடுப்பூசிக்கு ஒப்புதல் கேட்டுத் தாய்க்கு ஒரு படிவம் கொடுக்கும்போது, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாய் தமக்குப் பரிசோதனை செய்துகொள்ளும் தேதியையும் அதே படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மாதவிடாய் அல்லாத ஒரு நாளில், அங்கே அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.